டிப்ரைவ்ட் என்று எங்கள் தெருவுக்கு ஒரு பெயர்

தங்கையின் மகள் மன்னாரில் உயர்தரம் படிக்கிறாள். ஆங்கிலத்தில் எது இடறினாலும் உடனே எனக்குக் குரல் செய்தி வரும். லண்டனில் இருக்கிற பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தலைகீழாகத் தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. அதைக் கலைக்க நான் இதுவரை அவசரப்படவில்லை. அண்மையில் வந்த கேள்வி இது: “பெரியம்மா, டிப்ரைவ்ட் ஏரியா என்று ஒரு பந்தியில் வருகிறது. அகராதியில் பார்த்தால் ‘பறிக்கப்பட்ட’ என்று போட்டிருக்கிறது. பறிக்கப்பட்ட பகுதி என்றால், நேவி பிடித்து வைத்திருக்கிற காணி மாதிரியா?”

கடற்படை பிடித்த முள்ளிக்குளத்துச் சனம் தங்கள் ஊருக்குத் திரும்பப் போராடிய கதையைக் காதில் வாங்கி வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைப்பாள்? வசதி குறைந்த பகுதி, அவ்வளவுதான் என்று பதில் அனுப்பினேன். பரீட்சைக்கு அது போதும். ஆனால் நான் கிழக்கு லண்டனில் ஒரு தொடக்கப் பாடசாலையின் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்தச் சொல்லும் அதன் உறவுக்காரச் சொற்களும் என் மேசையில் தினமும் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பணம் வருகிறது, அவற்றைப் பார்த்து ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். குரல் செய்தியில் சொல்லி முடிக்கிற சங்கதி அல்ல இது.

இலக்கணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டிப்ரைவ் என்ற வினைச்சொல் ‘ஒஃப்’ என்ற துணை இல்லாமல் நடக்காது. எதைப் பறித்தார்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். தூக்கம் பறிபோனது, சுதந்திரம் பறிபோனது, குடியுரிமை பறிபோனது. இங்கே முதியோர் இல்லத்தில் மறதி நோயாளி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்திருப்பதென்றால், அதற்குச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். அந்த நடைமுறையின் பெயரிலேயே ‘டிப்ரிவேஷன் ஒஃப் லிபர்ட்டி’ என்று இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தில் 40ஆம் பிரிவு ‘டிப்ரிவேஷன் ஒஃப் சிட்டிசன்ஷிப்’ பற்றியது. அங்கே பறிக்கிறவர் யார் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை, உள்துறை அமைச்சர்தான். இலங்கைத் தமிழருக்கு இந்த வகைப் பறிப்பை விளக்கத் தேவையில்லை. 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை போனதைப் பற்றிப் பேசும்போது, யார் பறித்தார்கள், எந்தச் சட்டத்தால் பறித்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம்.

சொல்லின் பழைய வாழ்க்கையில் ஒரு பகுதி தேவாலயத்தில் கழிந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் இதில் எனக்குத் தனி ருசி. ஒரு குருவை அவரது பதவியிலிருந்தும் அந்தப் பதவியோடு வந்த வருமானத்திலிருந்தும் நீக்குவது என்பது டிப்ரைவ் என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. 1559இல், முதலாம் எலிசபெத் அரசியைத் திருச்சபையின் தலைவராக ஏற்றுச் சத்தியம் செய்ய மறுத்த கத்தோலிக்க ஆயர்களுக்கு நடந்ததைக் குறிக்க வரலாற்றாசிரியர்கள் இன்றும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். பிரைவேட், பிரிவிலேஜ், டிப்ரைவ் மூன்றும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. தனக்கென்று வைத்திருப்பவனும் அது இல்லாமல் போனவனும் சொந்தக்காரர்கள் என்பது அகராதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ‘ஒஃப்’ உதிர்ந்தது. எப்படி உதிர்ந்தது என்பதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946இல், கேர்ட்டிஸ் குழு என்று ஒன்று அனாதை இல்லங்களிலும் வளர்ப்பு வீடுகளிலும் இருந்த பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ‘சாதாரண வீட்டு வாழ்க்கை பறிபோன பிள்ளைகள்’ என்பது அந்தக் குழு பயன்படுத்திய நீண்ட தொடர். அலுவலகக்காரருக்கு நீண்ட தொடர் ஆகாது, எனக்குத் தெரியும். தொடரின் வால் போய், அந்த வகைப் பிள்ளை வெறும் ‘டிப்ரைவ்ட் சைல்ட்’ ஆனது. அந்த இடத்தில் இரண்டு பேர் ஒன்றாகக் காணாமல் போகிறார்கள். என்ன பறிபோனது என்பது ஒன்று, யார் பறித்தார் என்பது மற்றது. மிஞ்சுவது அந்தப் பிள்ளையின் தலையில் ஒட்டிய பட்டம் மட்டும்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுகிறவர்கள் ‘பின்தங்கிய’ என்று போடுகிறார்கள், ‘நலிவுற்ற’ என்கிறார்கள். ‘வறிய’ என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. மூன்றும் ஓரளவுக்குத்தான் சரி. காசு இல்லாதவரை ஆங்கிலம் புவர் என்று சொல்லும். டிப்ரைவ்ட் என்பது சுற்றியிருக்கிற மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது கிடைக்காமல் இருப்பது: நல்ல பாடசாலை, ஈரம் கசியாத சுவர், நேரத்துக்கு வரும் பஸ், பயமில்லாத தெரு. கையில் காசு இருந்தும் இவை இல்லாமல் இருக்கலாம். கொழும்பு, சென்னை ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் பிடித்த ‘அண்டர்பிரிவிலேஜ்ட்’ (சலுகை குறைந்த) இங்கே அலுவலகக் கடிதங்களில் அரிது. புத்தகப்பை வழங்கும் விழாவின் பதாகைக்கு ஏற்ற சொல் அது, ஒரு கையில் குத்துவிளக்கும் மறு கையில் கமராவும் வைத்திருக்கும். பாடசாலைக்குள் பிள்ளைகளைக் குறிக்க அரசாங்கம் வைத்திருக்கிற சொல் ‘டிஸ்அட்வான்டேஜ்ட்’, அதாவது பின்னடைவில் இருக்கிற. டிப்ரைவ்ட் என்பதைப் பெரும்பாலும் இடங்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. டிப்ரேவ்ட் என்று ஒரு சொல் உண்டு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அர்த்தம் ஒழுக்கம் கெட்ட என்பது. தன் மகனுக்குப் பக்கத்து வட்டாரத்துப் பாடசாலையில் இடம் கேட்டு ஒரு தகப்பன் எழுதிய மேன்முறையீட்டுக் கடிதம் என் கைக்கு வந்தது. “நாங்கள் மிகவும் டிப்ரேவ்ட் ஆன பகுதியில் வசிக்கிறோம்” என்று தடித்த எழுத்தில் இருந்தது. திருத்திக் கொடுத்தேன். அவர் விளக்கத்தைக் கேட்டு, சற்று யோசித்து, “எங்கள் மாடிக்குக் கீழே நடக்கிறதைப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை, அக்கா” என்றார்.

இந்தச் சொல்லை ஓர் அளவுகோலாக மாற்றிய ஆட்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பீட்டர் டவுன்சென்ட். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 1968-69இல் பிரித்தானியா முழுவதும் வீடு வீடாகக் கேட்டு எடுத்த தரவுகளை வைத்து, 1979இல் ஒரு தடித்த நூலாக வெளியிட்டார். பட்டினி கிடப்பவர் மட்டும் ஏழை அல்லர், தான் வாழும் சமூகத்தில் எல்லோரும் வழக்கமாகச் செய்வதைச் செய்ய முடியாமல் ஒதுங்கிப்போகிறவரும் ஏழைதான் என்பது அவர் வாதம். அதை அளப்பதற்கு ஒரு பட்டியல் போட்டார். கடந்த வருடம் ஒரு கிழமையாவது வெளியூருக்கு விடுமுறை போனீர்களா? பிள்ளையின் பிறந்தநாளுக்கு விழா வைத்தீர்களா? வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் காலையில் சமைத்த உணவு சாப்பிட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக இறைச்சி வாட்டுவீர்களா?

கடைசிக் கேள்வியை வாசித்தபோது நான் அலுவலகத்திலேயே சிரித்துவிட்டேன். அந்தக் கணக்கில் எங்கள் பாடசாலையின் குஜராத்திக் குடும்பங்கள் அத்தனையும் நலிவுற்றவர்கள். தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீடும் நலிவுற்றது. இறைச்சி சாப்பிடாதது விருப்பமா, இயலாமையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என அக்காலத்திலேயே பொருளியல்காரர்கள் டவுன்சென்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் 1983இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் செய்த ஆய்வில் வழியை மாற்றினார்கள். எது இல்லாமல் ஒருவர் வாழக்கூடாது என்று முதலில் பொதுமக்களிடமே கேட்பது, பிறகு அது இல்லாதவரிடம் வேண்டாமென்று இல்லையா, வாங்க முடியாமல் இல்லையா என்று கேட்பது. மழைக்குத் தாங்கும் கோட்டும் எல்லாக் காலநிலைக்கும் ஏற்ற இரண்டு சோடிச் சப்பாத்துகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் மாதத்தில் துணிச் சப்பாத்து ஊறி, காலுறையை ஹீட்டரில் காயவைத்துவிட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைவிட இது நல்ல அளவுகோல்.

இன்று இங்கிலாந்தில் யாராவது டிப்ரைவ்ட் ஏரியா என்று சொன்னால், அநேகமாக அவர் மனதில் இருப்பது ‘இண்டெக்ஸ் ஒஃப் மல்டிபிள் டிப்ரிவேஷன்’ என்ற அரசாங்கச் சுட்டெண். சில வருடங்களுக்கு ஒரு முறை வெளியாகும். 2015, 2019, கடைசியாக 2025. நாட்டைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டில் சராசரியாக ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் இருப்பார்கள். 2019 பட்டியலில் மொத்தம் 32,844 துண்டுகள். வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீடும் சேவைகளும், சுற்றுச்சூழல் என்று ஏழு தலைப்புகளில் புள்ளி போட்டு, ஒன்று முதல் கடைசி வரை வரிசைப்படுத்துகிறார்கள். ஒன்றாம் இடம்தான் மிக மோசம். எங்கள் பிள்ளைகளுக்கு முதலாம் பிள்ளையாக வா என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நமக்கு இந்த வரிசையைப் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும்.

கவுன்சில்கள் இதை வைத்துத்தான் பல நிதிகளுக்கு விண்ணப்பிக்கின்றன. தொண்டு அமைப்புகள் தங்கள் கடிதத்தின் முதல் பந்தியிலேயே “நாட்டின் மிக நலிவுற்ற பத்து வீதத்துக்குள் வரும் பகுதி” என்று எழுதுகின்றன. ஆனால் சுட்டெண்ணைத் தயாரித்தவர்களே வழிகாட்டிக் குறிப்புகளில் இரண்டு விடயங்களைச் சொல்லியிருக்கிறார்கள், அவற்றைத்தான் யாரும் வாசிப்பதில்லை. ஒன்று, நலிவுற்ற பகுதியில் வசிக்கும் எல்லோரும் நலிவுற்றவர்கள் அல்லர். நலிவுற்றவர்கள் பலர் அந்தப் பகுதிகளுக்கு வெளியே இருக்கிறார்கள். மற்றது, வரிசையின் மறுமுனையில் இருப்பது பணக்காரப் பகுதி என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஒன்றாம் இடம் 2010இலிருந்து ஒரே ஊருக்குத்தான். எசெக்ஸ் கரையில் கிளாக்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஜேவிக் என்ற கிராமத்தின் ஒரு துண்டு. 2010, 2015, 2019, 2025 என்று நான்கு பட்டியல்களிலும் அதுவே. டவுன்சென்டின் பல்கலைக்கழகம் இருக்கும் கோல்செஸ்டரிலிருந்து அதிக தூரமில்லை. ஒரு கோடையில் எங்கள் தமிழ்ப் பங்குச் சனம் கோச் பிடித்துக் கிளாக்டன் கடற்கரைக்குப் போனபோது, மற்றவர்கள் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்க, நானும் இன்னொரு பெண்ணும் பஸ் ஏறி ஜேவிக் போனோம். பட்டியலில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஊரை நேரில் பார்க்க ஆசை.

1930களில் லண்டன்காரர்களுக்குக் கோடை வீடு கட்டிக்கொள்ளச் சிறு காணித் துண்டுகளாக விற்ற இடம் அது. அங்கே புரூக்லன்ட்ஸ் என்ற பகுதியின் தெருக்களை வரைபடத்தில் பார்த்தால் பழைய காரின் முன்பக்கக் கம்பி வலை போல இருக்கும். தெருப் பெயர்களும் பென்ட்லி, ஒஸ்டின், ஹில்மன், சன்பீம் என்று கார்ப் பெயர்கள்தான். கோடையில் சில கிழமை தங்கக் கட்டிய மெல்லிய பலகை வீடுகளில், போருக்குப் பிறகு ஆட்கள் வருடம் முழுவதும் குடியிருக்கத் தொடங்கினார்கள். 1953இல் வடகடல் பொங்கி வந்த இரவில் ஜேவிக்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சனம் போகவில்லை. 2018இல் அமெரிக்கத் தேர்தல் விளம்பரம் ஒன்று, எதிர்க்கட்சி வென்றால் நாடு இப்படி ஆகிவிடும் என்று காட்ட, ஜேவிக்கின் ஒரு தெருப் படத்தை எடுத்துப் போட்டது. ஊர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

நாங்கள் பார்த்தது சிறிய வீடுகள், சில அடைத்துக் கிடந்தன, சிலவற்றின் முன்னால் பூச்சாடிகள். கடல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுத்தமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, நாங்கள் கமரா வைத்திருக்கிறோமா என்றுதான் முதலில் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் காலநிலையைப் பற்றிப் பேசினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். ஈஸ்ட் ஹாம் என்றேன். “அங்கேயா? அங்கே இருக்கப் பயமாக இல்லையா?” என்று கேட்டார்.

வந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தது எங்கள் ஊரின் ‘கஷ்டப் பிரதேசம்’ என்ற சொல்லைத்தான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இலங்கைக் கல்வித் திணைக்களம் பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தும். அங்கே படிப்பிக்கிறவர்களுக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. ஆசிரியர்கள் சில வருடமாவது அங்கே சேவை செய்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. நான் படித்தது அப்படி ஒரு பாடசாலை. ஆசிரியர்கள் ஞாயிறு மாலை பையோடு வந்து வெள்ளி மதியம் பஸ் பிடிப்பார்கள். பல்கலைக்கழக அனுமதியிலும் இதே வகையான கணக்கு இருக்கிறது. முல்லைத்தீவு, மன்னார் போன்ற மாவட்டங்களுக்குக் குறைந்த வெட்டுப்புள்ளி. அந்த வழியில் டொக்டரானவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், நல்ல டொக்டர்கள்.

‘கஷ்டப் பிரதேசம்’ என்று சொன்னால் ஊரில் யாருக்கும் கோபம் வராது. சொல்லப்போனால் அந்தப் பட்டம் பறிபோய்விடக் கூடாது என்று அதிபரும் ஆசிரியரும் கவலைப்படுவார்கள். காரணம் எளிது. கஷ்டம் பிரதேசத்துக்கு, நமக்கு இல்லை. குளமும் ரோட்டும் பஸ்ஸும்தான் கஷ்டம். மன்னாரில் பிறந்தவன் மட்டமானவன் என்று அந்தச் சொல் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அதே வெட்டுப்புள்ளியில் உள்ளே போன பிள்ளையைப் பார்த்து, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒருவர், “நீர் கோட்டாவில் வந்தவரா?” என்று கேட்டால் போதும், முகம் கருத்துவிடும். உதவி ஒன்றுதான். மண்ணைப் பார்த்துக் கொடுத்தால் கௌரவம், ஆளைப் பார்த்துக் கொடுத்தால் அவமானம்.

டிப்ரைவ்ட் என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதும் இதுதான். வரைபடத்தின் மேல் இருக்கும்வரை அது உபயோகமான சொல், நான் அதற்கு வக்காலத்து வாங்குவேன். அதை எடுத்து ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்டினால் கெடுதல்தான்.

எங்கள் பாடசாலைக்குப் பணம் வரும் வழியிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன. ஒரு பங்கு தெருவைப் பார்த்து வருகிறது. பிள்ளையின் அஞ்சல் குறியீட்டை வைத்து, அந்தத் துண்டில் எத்தனை பிள்ளைகள் வருமானம் குறைந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்று பார்த்து, ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்து, பாடசாலையின் நிதியில் சேர்த்துவிடுகிறார்கள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, யாருக்கும் வெட்கமில்லை. மற்றப் பங்கு பிள்ளையைப் பார்த்து வருவது, ‘பியூப்பில் பிரீமியம்’. 2011இல் ஒரு பிள்ளைக்கு 488 பவுணில் தொடங்கியது. 2025-26இல் தொடக்கப் பாடசாலைப் பிள்ளைக்கு 1,515 பவுண். வருமான அடிப்படையில் இலவச மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைக்கு இது வரும். ஒரு முறை பதிவாகிவிட்டால் ஆறு வருடத்துக்குக் கணக்கில் இருக்கும். வாசிப்பு உதவியாளரின் சம்பளமும் சுற்றுலாப் பஸ்ஸின் வாடகையும் மாலை வீட்டுப்பாட வகுப்பும் இதில்தான் ஓடுகின்றன. ஆனால் இதற்குப் பெற்றோர் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கிழக்கு லண்டனில் எங்கள் வட்டாரமான நியூஹாமில் தொடக்கப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பல வருடங்களாகவே மதிய உணவு இலவசம். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் மேயர் அதை லண்டனின் எல்லா அரச தொடக்கப் பாடசாலைகளுக்கும் விரித்தார். மிக நல்ல காரியம், தட்டைப் பார்த்து எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோருக்கும் சாப்பாடு கிடைக்கும்போது படிவத்தை யார் நிரப்புவார்கள்? நிரப்பாவிட்டால் பிள்ளை பட்டினி கிடக்காது. ஆனால் பாடசாலைக்கு அந்தப் பணம் வராது. ஆகவே பாடசாலை வருடம் பிறந்தால் நான் வாசலில் நின்று சனத்தை மறிக்கிறேன்.

எங்கள் தமிழ்ச் சனத்தை மறிப்பதுதான் ஆகக் கடினம். சோமாலியத் தாய்மார் படிவத்தை வாங்கி, பேனாவையும் வாங்கி, மதிலில் வைத்தே நிரப்பித் தந்துவிடுவார்கள். நம் ஆட்கள் சுற்றிப் பார்ப்பார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் ஒரு தகப்பன், அறைக்கு வாடகை கட்டி நான்கு பேரோடு இருப்பவர், “அது கஷ்டப்பட்ட ஆக்களுக்கு அல்லவா, அக்கா? எங்களுக்கு வேண்டாம், கடவுள் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம்” என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். ஊரில் ஒரு வீடு, அக்காவுக்குச் சீதனம், தம்பியை அனுப்பிய ஏஜென்சிக் கடன் என்று அவர் சம்பளம் போகும் இடங்கள் எனக்குத் தெரியும். சங்கக் கூட்டத்துக்கு அவர் கோட் போட்டு வருவார். அவரை டிப்ரைவ்ட் என்று கூப்பிடுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதனால் நான் அந்தச் சொல்லை எடுப்பதே இல்லை. உங்கள் நிலை எப்படி என்று கேட்பதில்லை. “அண்ணா, இது உங்களுக்கு இல்லை, பாடசாலைக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அரசாங்கம் எங்களுக்குக் காசு தரும். எங்கள் வாசிப்பு ஆசிரியையின் வேலை போகாமல் இருக்கும்” என்கிறேன். உடனே மனிதர் நிமிர்ந்துவிடுவார். வாங்குகிற ஆள் கொடுக்கிற ஆளாக மாறிவிட்டார் அல்லவா? படிவம் வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று கேட்டு வாங்கிப் போவார். இதில் பொய் ஒன்றும் இல்லை. பணம் உண்மையாகவே பாடசாலைக்குத்தான் வருகிறது.

அதிகாரிகளின் கூட்டங்களில் எனக்கு எரிச்சல் வருவது வேறு காரணத்துக்காக. “நமது டிப்ரைவ்ட் குடும்பங்கள்” என்று ஒருவர் சொல்லுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தக் குடும்பங்களின் வாடகை ஒரே வருடத்தில் எவ்வளவு ஏறியது என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. 2010 பட்டியலில் நாட்டின் மிக மோசமான நகரசபைகளில் ஒன்றாக இருந்த நியூஹாம், ஒலிம்பிக் வந்து போன பிறகு, 2015இலும் 2019இலும் பட்டியலில் நல்ல பக்கமாக நகர்ந்தது. நியூஹாமுக்குள் இருக்கும் ஸ்ட்ராட்போர்டில் கண்ணாடி மாடிகள் எழுந்தன. ஏழைகள் வசதியானார்களா, வசதியானவர்கள் குடிவந்தார்களா, ஏழைகள் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்களா என்று தரவரிசை சொல்லாது. எங்கள் பாடசாலைப் பதிவேடு சொல்லும். விலகிப்போன பிள்ளைகளின் புது முகவரிகள் எசெக்ஸிலும் கென்டிலும் இருக்கின்றன. 2025 பட்டியலில் வருமானத்தைக் கணக்கிடும்போது வீட்டுச் செலவைக் கழித்த பிறகு பார்க்கிறார்கள். லண்டனில் வாடகை கட்டும் எவரும் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அந்தக் கழித்தலோடு லண்டன் நகரசபைகள் பல திரும்பவும் மேலே வந்துவிட்டன, அதாவது கீழே.

கிழக்கு லண்டனில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவிப் பணமான யுனிவர்சல் கிரெடிட் எடுக்கிறீர்கள், வரி கழித்து வீட்டுக்கு வரும் உழைப்பு வருமானம் வருடத்துக்கு 7,400 பவுணுக்கு உள்ளே என்றால் இப்போதே தகுதி உண்டு. 2026 செப்டம்பரிலிருந்து யுனிவர்சல் கிரெடிட் எடுக்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. விசாவில் அரச உதவி எடுக்கக் கூடாது என்று இருந்தாலும், சில நிபந்தனைகளோடு பிள்ளையின் மதிய உணவுக்கு விண்ணப்பிக்கலாம்; பயந்து ஒதுங்காமல் அலுவலகத்தில் கேளுங்கள். ஒக்டோபர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை பாடசாலைக் கணக்கெடுப்பு. அதற்கு முதல் கிழமையாவது படிவம் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். தேசியக் காப்புறுதி இலக்கத்தையும் பிறந்த திகதியையும் தெளிவாக எழுதுங்கள். ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி எழுதினால் கணினி திருப்பி அனுப்பிவிடும்.